ஐந்தில் மூன்று

நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? இங்கே பிள்ளைகளுக்குச் சளி, எனக்குக் கோபம். மற்றபடி மூவரும் சுகம்.

கோபத்துக்குக் காரணம் பிள்ளைகளின் பெரியம்மா. என் மனைவி இருந்தவரை வருஷத்துக்கு ஒருமுறை தங்கையைப் பார்க்க வருவார். அவள் போன இந்த நான்கு மாதத்தில் நேற்று வந்தது ஐந்தாவது முறை. தலைமையாசிரியை அல்லவா, வந்ததும் பிள்ளைகள் இரண்டையும் வரிசையில் நிற்கவைத்துப் பார்த்தார். சின்னவளின் தோள் எலும்பைத் தடவினார். அப்புறம் சமையலறைக்குள் போய் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்தார். ரொட்டி இருந்தது. முட்டை இருந்தது.

"தினமும் இதுதானா?"

"ஒரு நாள் ஆம்லெட், ஒரு நாள் அவிச்சது. மாத்தி மாத்தித்தான் குடுக்கறேன்."

"குளிர் ஆரம்பிச்சிருச்சு. சூடா ஒரு சூப்பு வச்சுக் குடுக்க ஆளில்லாத வீட்ல பொம்பளப் பிள்ளைங்க வளர வேணாம். பிப்ரவரி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போயிடறேன். எனக்கும் பிள்ளை இல்ல. நல்லாத்தான் பாத்துப்பேன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார். எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். ஆனால் பிள்ளைகளைத் தர மாட்டேன், அக்கா. இருபது வருஷமாக லேத்தில் நின்று இரும்பைக் கடைகிறவனுக்கு ஒரு பானை சூப் என்ன பெரிய வித்தையா?

குளிர் மாதங்களில் சாயங்காலம் ஆனால் அவள் ஏதாவது ஒரு சூப் வைப்பாள். எப்படி என்று ஒருநாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை. உனக்குத் தெரியும். எழுது. 'தேவையான அளவு' என்று மட்டும் எழுதாதே. பட்டறையில் அப்படி ஒரு டிராயிங் வந்தால் ஃபோர்மேன் முகத்திலேயே வீசுவேன். எத்தனை, எவ்வளவு, எத்தனை நிமிஷம் என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. சாவு வீட்டிலிருந்து மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாய். பிள்ளைகள் உன் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தான் வீட்டில் அப்படி என்ன தலைபோகிற காரியம்? இனி வீட்டுக்கு வேண்டாம், வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு எழுது என்று கார்டு போட்டாயே, அது எதற்கு?

உன் பிடிவாதக்காரத் தம்பி


நவம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதம் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளுக்கு நடுவே கைக்கு வந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். கால் பரவாயில்லை. சளிக்குப் பிள்ளைகளின் மார்பைச் சூடாக வைத்திரு.

அந்த வீட்டில் எல்லோரும் எப்போதும்போல் இருக்கிறார்கள். அங்கே வரும் தபால் பலர் கைமாறுகிறது, அதனால் நீ இங்கேயே எழுது. சாவு வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். இன்றைக்கு நேரமில்லை, போர்வைகள் காத்திருக்கின்றன.

பெரியம்மா சொன்னதில் பாதி சரி, பாதி திமிர். சரியான பாதிக்கு மருந்து எழுதுகிறேன். இரண்டு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, ஒரு பிடி பீன்ஸ், பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு. எல்லாவற்றையும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கு. வெண்ணெய் ஒரு சின்னக் கரண்டி விட்டு வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கு. நிறம் மாறக் கூடாது, வாசனை வந்தால் போதும். மற்றதைப் போட்டு இரண்டு நிமிஷம் புரட்டி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரை சின்னக் கரண்டி உப்பு போட்டு, சின்னத் தீயில் இருபத்தைந்து நிமிஷம். கடைசியில் உருளைக்கிழங்குத் துண்டுகளில் பாதியை மசித்துக் கலந்தால் தானே கெட்டியாகும். மிளகுத்தூள் மேலே.

இது நான் தினம் சாயங்காலம் வைக்கிற அளவு. மாற்றாமல் அப்படியே எழுதியிருக்கிறேன்.

விட்டுக்கொடுக்காதே.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் எழுது. 'பரவாயில்லை' என்பது நலம் ஆகாது.

சூப் வைத்தேன். மூக்கு உடைந்தது.

உன் வீட்டில் நீ, அத்தான், அவர் அப்பா அம்மா, அவர் தம்பி என்று ஐந்து பேர். இங்கே மூன்று பேர். ஆகவே எல்லாவற்றிலும் ஐந்தில் மூன்று எடுத்தேன். இரண்டு கேரட்டில் ஐந்தில் மூன்று என்றால் ஒன்றும், இன்னொன்றில் ஐந்தில் ஒரு பங்கும். கேரட் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்திருப்பதால் நீளத்தை மட்டும் பார்த்து வெட்டினால் தப்பாகிவிடும். வெர்னியர் வைத்து விட்டம் எடுத்து, கனஅளவு போட்டு வெட்டினேன். பெரியவள் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி பக்கத்தில் நின்றாள். தண்ணீர் ஒரு டம்ளரும் ஐந்தில் ஒன்றும். கடிகாரம் பார்த்து இருபத்தைந்து நிமிஷம்.

மூடியைத் திறந்தால் பாத்திரத்தின் அடியில் பதினெட்டு மில்லிமீட்டர் சூப் இருந்தது. ஸ்கேல் விட்டுப் பார்த்தேன். ஆளுக்கு நாலு கரண்டி. சின்னவள் குடித்துவிட்டு, "அப்பா, மருந்து நல்லா இருக்கு, சாப்பாடு எப்ப?" என்றாள்.

மறுநாளும் வைத்தேன். அதே பதினெட்டு. ஆவியில் போகிறதோ என்று யோசித்துத் தீயைக் குறைத்தேன், பாத்திரத்தை மாற்றினேன். ருசி இருக்கிறது, அக்கா. அவள் வைத்த சூப்பின் வாசனையே வந்தது. பெரியவள் கிண்ணத்தை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டே இருந்தாள். ஆனால் வயிறு நிறையவில்லை. எங்கே தப்பு?

தம்பி


டிசம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சலவைக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். கேரட்டுக்குக் கனஅளவு போட்ட முதல் ஆள் நீதான்.

ஐந்தில் மூன்றெல்லாம் போடாதே. எழுதியதை எழுதியபடி போடு. பாத்திரத்தை மூடி வை. கைக்குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றாமல் தண்ணீரைத் தாராளமாக ஊற்று.

வாரத்துக்கு ஒருநாள் கோழி ஸ்டூ வை. கோழித் துண்டு மூன்று, எலும்போடு. உருளைக்கிழங்கு ஒன்றைப் பெரிதாக வெட்டு. வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று. துண்டுகளை முதலில் எண்ணெயில் பொன்னிறமாகும்வரை திருப்பிவிடு, அந்த நிறம்தான் ருசி. ஒரு சின்னக் கரண்டி மாவு தூவி, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, கறி எலும்பை விட்டு நழுவும்வரை வேகவிடு. முக்கால் மணி நேரம்.

சீக்கிரமாக எழுதுகிறேன். விட்டுக்கொடுக்காதே.

அக்கா


டிசம்பர் 20

அக்காவுக்கு,

பிள்ளைகள் சுகம். நான் சுகமில்லை, யோசனையில் இருக்கிறேன்.

எழுதியதை எழுதியபடி போட்டேன். மூன்று துண்டு கோழி. ஆளுக்கு ஒன்று வரும் என்று உட்கார்ந்தோம். சின்னவள் இரண்டாவது துண்டுக்குக் கிண்ணத்தை நீட்டினாள், என்னுடையதைப் போட்டேன். பெரியவளுக்கு ஒரு உருளைக்கிழங்குத் துண்டு கூடக் கிடைத்தது. அதோடு பானை காலி. எனக்கு ரொட்டியால் பானையைத் துடைத்த பங்குதான். அடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அது வேறு விஷயம்.

பெரியவள் உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இதுல ஒரு உருளக்கெழங்கு. அதுலயும் ஒரு உருளக்கெழங்கு. அஞ்சு பேருக்கு ஒரு உருளக்கெழங்கா?"

இருபது வருஷம் டிராயிங் படித்தவனுக்கு ஒன்பது வயசுப் பிள்ளை சொல்ல வேண்டியிருந்தது. கணக்கை மறுபடி போட்டேன். சூப்பும் ஸ்டூவும் ஒரே கணக்குத்தான் காட்டுகின்றன. இது ஒருவர் வயிறாரச் சாப்பிடுகிற அளவு. ஐந்து பேருக்கு அல்ல. இரண்டு பேருக்குக்கூட அல்ல. தினம் சாயங்காலம் வைக்கிற அளவு என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அக்கா, நீ எங்கே இருக்கிறாய்? யாருக்குச் சமைக்கிறாய்?

தம்பி


ஜனவரி 9

அக்காவுக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்றுகூடக் கேட்கப் பயமாக இருக்கிறது.

இப்போது எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிப் போடுகிறேன். ஆறு கேரட், மூன்று உருளைக்கிழங்கு, ஒன்பது துண்டு கோழி. அளவு கச்சிதம். பிள்ளைகள் இரண்டாம் கிண்ணம் கேட்கிறார்கள், கிடைக்கிறது. சின்னவளின் ஸ்வெட்டர் இறுகுகிறது. நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஒவ்வொரு தடவை பெருக்கும்போதும் ஒருவருக்கான அந்த அளவைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

இருபதாம் தேதிக்குள் எழுதாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பேன். கத்துவேன். என்னைத் தெரியும் உனக்கு.

தம்பி


ஜனவரி 18

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். வாசலில் வந்து கத்தாதே, இங்கே நோயாளிகள் இருக்கிறார்கள்.

ஆறு மாதமாகத் தனியாக இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மாடியறை. ஒரு ஜன்னல், ஒரு பர்னர் அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. நீ கேட்டதும் கைக்கு வந்த அளவை எழுதிவிட்டேன். என் கையே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கவில்லை.

சாவு வீட்டுக்கு என்னை அனுப்பும்போதே 'மூணாம் நாள் இங்க இருக்கணும்' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் கீழ்ப்படிந்தேன். பிள்ளைகளின் கையைப் புடவையிலிருந்து பிரித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த மூன்றாம் நாளுக்காக நான் என்னை மன்னிக்கவே மாட்டேன். நீயும் மன்னிக்க வேண்டாம்.

வீட்டுக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் அத்தான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "இன்னிக்கு என்ன சமையல்?" என்றார். பையை வாசல் பக்கத்தில் வைத்துவிட்டு நேரே அடுப்புக்குப் போனேன். மழை, குளிர், எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஐந்து பேருக்கும் சூப் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார். "சீக்காளிக்குக் குடுக்கறத எனக்கு வைக்கிறியா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை, தம்பி. தள்ளிய கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தேன். வாசலில் நான் வைத்த பை பிரிக்காமலே இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. நானாகத்தான் போனேன். இதைத் தெளிவாகப் புரிந்துகொள்.

உனக்கு எழுதாததற்குக் காரணம், உன் தலையில் அப்போது இருந்ததே போதும் என்றுதான். பாவம் என்று ஒரு வரி எழுதினாலும் கடிதத்தைக் கிழித்துவிடுவேன். சாயங்காலம் அறைக்கு வந்து பாத்திரத்தை ஏற்றுகிறேன். முழுப் பாத்திரமும் எனக்கு. யார் எழுந்து வருவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு சாப்பிட வேண்டியதில்லை.

அக்கா


ஜனவரி 30

அக்காவுக்கு,

பாவம் என்று எழுத மாட்டேன். முதல் கடிதத்தில் சாவு வீட்டைப் பற்றிக் குத்தலாக எழுதிய கையை லேத்தில் கொடுக்கலாம் போல இருக்கிறது. அத்தானை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எழுதினால் தபால்காரரே போலீசுக்குக் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தார். பிள்ளைகள் சதை போட்டிருப்பதை ஒப்புக்கொண்டார். "ஆம்பள எத்தனை நாளைக்கு இப்படி அடுப்புல நிப்பான்? ரெண்டு மாசம் நிப்பான், மூணாம் மாசம் சலிச்சுப்போயிடும்" என்றார். வாய் தவறி உன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பறம் என்ன? உங்க அக்காவக் கூட்டிட்டு வந்து வச்சுக்கங்க. வீட்ல ஒரு பொம்பள இருந்தா நான் ஏன் பிள்ளைங்களக் கேக்கப்போறேன்? இல்லன்னா பிப்ரவரி இருபத்திமூணாம் தேதி பெட்டியோட வரேன்."

அக்கா, அந்த அறையை விட்டுவிட்டு நீ இங்கேயே வந்துவிடேன். சமையலறை உன்னுடையது. உனக்கும் துணை, பிள்ளைகளும் நம்மோடு இருப்பார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்த மாதிரி எல்லாம் முடிந்துவிடும். பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 7

தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கோபத்தில் இருக்கும்போது எனக்குக் கால் வலிப்பதில்லை.

வர மாட்டேன்.

பிள்ளைகளுக்காக என்று நீ கேட்டால் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் என் கை தானாகத் துணிகளை மடிக்க ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினேன். ஒரு வீட்டு அடுப்பை விட்டு வந்தது இன்னொரு வீட்டு அடுப்பில் நிற்பதற்காக அல்ல. நீ நல்லவன், கிண்ணத்தைத் தள்ள மாட்டாய். ஆனாலும் என்னைக் கேட்காமலே சமையலறை உன்னுடையது என்று எழுதிவிட்டாயே! அது யாருடையது? ஆறு கேரட் நறுக்குகிறவன் யார்?

பெரியம்மாவின் சந்தேகம் சூப்பைப் பற்றியது அல்ல. ஒரு ஆம்பிளை அங்கே நிற்பானா என்பதைப் பற்றியது. அதற்கு நான் வந்து நின்றால், நிற்க மாட்டான் என்று நீயே சொன்ன மாதிரி ஆகிவிடும். உன் பிள்ளைகளும் அதைத்தான் பார்த்து வளர்வார்கள்.

நீயே பதில் சொல். அவர்களை விட்டுக்கொடுத்தாயானால் உன்னோடு பேச மாட்டேன். என்னைக் கூப்பிட்டாலும் பேச மாட்டேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், மூவரும். நீ திட்டியது சரி. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன், ஒவ்வொரு தடவையும் உறைத்தது.

நேற்று பெரியம்மா வந்தார். இரண்டு காலிப் பெட்டிகள். ஒன்றில் பெரியவள் பெயர், ஒன்றில் சின்னவள் பெயர், அவரே அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். கூடத்தில் வைத்துவிட்டு, "உங்க அக்கா எங்க?" என்றார்.

"வரல. நான் கூப்பிட்டதே தப்பு. சாப்பிட உக்காருங்க."

எலும்பு, பார்லி, முட்டைக்கோஸ், கேரட் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்திருந்தேன். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி. நாலு கிண்ணத்தில் ஊற்றினேன். பெரியம்மா ஒரு வாய் குடித்தார். பரீட்சைத் தாளில் சிவப்பு மை வைக்கிற முகம்.

"உப்பு கம்மி."

எனக்குத் தெரியாமலே நான் எழுந்துவிட்டேன், அக்கா. அதற்குள் சின்னவள், கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "உப்பு மேல் தட்டுல நீல டப்பால இருக்கு பெரியம்மா. இங்க யாருக்கு வேணுமோ அவங்கதான் எடுத்துக்கணும்" என்றாள்.

எதிர்த்துப் பேசவில்லை. வீட்டு நடப்பைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் உட்கார்ந்துவிட்டேன். நூறு டீச்சர்களை மேய்க்கிறவர் எழுந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏறி, உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு கிண்ணம் குடித்தார்.

முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. ஒத்துக்கறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி சமைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொன்னேன்: "சூப்பு நல்லா வந்ததால பிள்ளைங்க இங்க இருக்கல. நான் அப்பன்கறதால இருக்காங்க. நாளைக்கு அடிபிடிச்சாலும் இங்கதான் இருப்பாங்க. அடிபிடிச்சத மூணு பேரும் சேந்து சுரண்டித் தின்போம். உங்களுக்கு மார்க் போடணும்னா போடுங்க. பிள்ளைங்களத் தர மாட்டேன்."

கத்துவார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். "எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. இதுங்க மூஞ்சிலதான் அவ இருக்கா. நான் வேற எங்க போய்ப் பாக்கறது?"

இதை நான் யோசித்ததே இல்லை. அவள் எனக்கு மட்டும்தான் போய்விட்டாள் என்பதுபோல இருந்துவிட்டேன்.

"வாங்க. வாராவாரம் வாங்க. பெட்டி இல்லாம வாங்க" என்றேன்.

கிளம்பும்போது பெயர் ஒட்டிய தாள்களைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உன் தம்பி


மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். கால் உண்மையாகவே நன்றாக இருக்கிறது. சின்னவளை என் சார்பில் கடித்துவிடு.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உப்பு டப்பா வரும் இடத்தில் இஸ்திரி போடுகிறவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

நாலு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன். உன் வீட்டு விருந்தாளியாக வருகிறேன். நறுக்க மாட்டேன், கிளற மாட்டேன், ஒரு கரண்டிகூடக் கழுவ மாட்டேன். நான் பழக்கதோஷத்தில் எழுந்தால் பெரியவளிடம் என்னை உட்காரவைக்கச் சொல்.

எது வேண்டுமானாலும் வை. சூடாக வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, இரண்டாம் தடவையும் ஊற்றிவிட்டு, நான் உட்காரும்போது ஆறித்தான் போயிருக்கும். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் குடித்தேன். இன்னொருவர் கையால் ஆவி பறக்கிற ஒரு கிண்ணம் என் முன்னால் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. நீ கொண்டுவந்து வைக்கும்போது நான் அழுதால் யாரும் கண்டுகொள்ளக் கூடாது. பேசிக்கொண்டே சாப்பிடுங்கள். ஆறுவதற்குள் குடித்துவிடுவேன்.

அக்கா